அம்மா நேர்ந்துவிட்ட பாட்டு

1

போன சனிக்கிழமை இங்கே டொரொன்டோவில் ஒரு தமிழ் வானொலியில் என்னைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பகலில் பஸ் ஓட்டுகிறேன், மிச்ச நேரத்தில் ராப் பாடுகிறேன். பாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனால், பேட்டி எடுத்த அக்கா எடுத்த எடுப்பிலேயே, "தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கோ இல்லையோ? உங்கட பாட்டுகளைக் கேட்டால் ஒண்டும் விளங்கேல்ல" என்றார்.

எனக்கு இது புதுக் கேள்வி இல்லை. பதிலும் கைவசம் இருக்கிறது. கடவுள் இருக்கிறார். இந்த உலகத்தைச் செய்தார், ஓடவிட்டார், அதோடு அவர் வேலை முடிந்தது. நம் மனுக்களை வாங்குவதற்கு அவர் கந்தோர், ஆபீஸ் என்று எதுவும் திறந்து வைக்கவில்லை. அதனால் நான் அவரைக் கும்பிடுவதும் இல்லை, திட்டுவதும் இல்லை. யார் கேட்டாலும் இதைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார், பதறிப்போய் ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டார்.

வாய் அடைத்துப்போனதற்குக் காரணம் கண்டிக்கு மேலே மலையில், மடுல்கெல்லயில் இருக்கிறது. அங்கே தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் எனக்கு ஒன்று நடந்து இப்போது ஒரு வருஷம் ஆகிறது. அதை இந்த ஊர் வானொலியில் சொல்லப்போனால் முதலில் தேயிலைத் தோட்டம் என்றால் என்ன, தொழிலாளிகள் குடியிருக்கிற லயம் என்றால் என்ன என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் இன்னொரு நகைக்கடை விளம்பரம் வந்துவிடும். கண்டியில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் கண்டி டவுனில், மஹியாவயில் வளர்ந்தவன். அப்பா கண்டி மாநகர சபையில் வேலை பார்த்தார், இப்போது உயிரோடு இல்லை. அம்மா மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்தோடு டவுனுக்கு வந்தவள். மேடையில் எனக்கு என்னென்னவோ பேர் உண்டு. வீட்டில் பாபு.

இங்கே என் தமிழைக் கேட்டதும் எல்லாரும் கேட்பது, "தம்பி இந்தியாவோ?" பஸ்ஸில் ஏறுகிற நம் ஆட்களிடம் "வாங்க" என்று சொன்னால் போதும், உடனே வந்துவிடும். கண்டி என்று சொன்னால், "ஓ... மலைநாடோ" என்று ஒரு இழுவை. அந்த இழுவைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கக்கூடாது, கேட்டால் சண்டை வரும். என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் "வாறன்" என்பாள், நான் "வர்றேன்" என்பேன். எங்கள் மகள் தியா இரண்டையும் கேட்டு வளர்ந்து, இரண்டும் வேண்டாம் என்று இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் யார் வீட்டில் என்ன மதம் என்று பேச்சு வந்திருக்கிறது. இவள் எழுந்து, அம்மா இந்து, அப்பா ராப் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு மனைவி சோறு போட்டபோது என் தட்டில் விழுந்த கரண்டிச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது அத்தனை பிழையும் இல்லை. எனக்கு என்று ஒரு விரதம் இருந்தால் அது மைக் விரதம்தான். வீட்டில், வேலையில், வரி கட்டுகிற இடத்தில் மனுஷன் அப்படி இப்படி இருக்கலாம். மைக்கைப் பிடித்தால் நம்பாத ஒன்றைச் சொல்லக்கூடாது. இதை நானும் ரிஸ்வானும் சேர்ந்து வைத்துக்கொண்டோம்.

ரிஸ்வான் கண்டிக்குப் பக்கத்தில் திகனக்காரன். அவனுடைய வாப்பாவின் துணிக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் துணி மூட்டைகள். அந்த மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துதான் எங்கள் இரண்டு பேருக்கும் ராப் ஆரம்பித்தது. மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும், பதிவு சுத்தமாக வரும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கனடாவுக்கு மாணவர் விசா போட்டோம். ஒரே ஏஜென்ட், ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே மார்க்ஸ். என் அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கினாள். அவன் ஐந்து வேளையும் தொழுகிறவன், அவனுடைய உம்மா அதற்காகவே நோன்பு பிடித்தார்.

எனக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை.

அம்மா, "மாரியம்மா கண்ணத் தொறந்துட்டாப்பா" என்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அந்தப் பொங்கல் எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. என் அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டு, ரிஸ்வானின் உம்மா கேட்டதை விட்டுவிடுகிற ஒருவர் மேலே இருந்தால் அவருக்கு நான் நன்றி சொல்லமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அவர் யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று வைத்துக்கொள்வதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. படைத்தவர் ஒருவர் இருக்கட்டும், சிபாரிசு பார்க்கிறவர் ஒருவர் வேண்டாம். என் கடவுள் கொள்கை புத்தகத்தில் இருந்து வரவில்லை. ரிஸ்வானுக்காக வந்த கோபம் அது.

3

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் 'கந்தோர் பூட்டியாச்சு'. எனக்கு நாலு பேர் மத்தியில் பேர் வாங்கிக்கொடுத்த பாட்டு.

கட்டுனவரு இருக்காரு,
கதவுல யாரும் இல்ல.
மனுவோட வராதீங்க,
வாங்குற ஆளு உள்ள இல்ல.

வரிகளைவிட அதன் அடிதான் ஆட்களைப் பிடித்தது. அது தப்பு மேளத்தின் அடி. மடுல்கெல்லயில் என் தாய்மாமா தப்படிப்பார். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகும்போது அவர் ஒரு இடத்தில் வேகம் பிடித்து அடிப்பது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "மாமா, அந்த வேகமா அடிப்பீங்களே, அத ரெக்கோட் பண்ணி அனுப்புங்க" என்று கேட்டேன். அனுப்பினார். ஆரம்பத்தில் ஏதோ முணுமுணுத்திருந்தார், பின்னால் ஒரு கோழி வேறு கத்தியது. இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாட்டு வந்ததும் மாமாவுக்கு அனுப்பினேன். நல்லா இருக்குப்பா என்றார். அம்மாவும் கேட்டாள். அவர்களுடைய சின்னப் போன்களில் என் குரல் மட்டும்தான் கேட்கும், அடி கேட்காது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

4

போன வருஷம் அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அதற்கு நான் போய் நின்றேன், கண்டி ஆஸ்பத்திரியில் நல்லபடியாக முடிந்தது, திரும்பி வந்தேன். வந்து கொஞ்ச நாளில் வீடியோ கோலில் அம்மா சாவதானமாக ஒரு விஷயத்தைச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால், என்னைப் பிழைக்க வைத்தால் என் மகன் வந்து உனக்குப் பாடுவான் என்று மடுல்கெல்ல மாரியம்மனிடம் வேண்டிவிட்டாளாம். கிடாவை நேர்ந்துவிடுவதுபோல என் பாட்டை நேர்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் தலைகீழாக நின்று பார்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லையே அம்மா, நம்பாததை நான் மைக்கில் சொல்லமாட்டேனே என்றேன். பக்திப் பாட்டு எதுவும் எனக்கு வராது என்றேன்.

"உன் பாட்டையே படி" என்றாள். "எனக்கு அது ஒண்ணும் வெளங்காது. அவளுக்கு வெளங்கும்."

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் வேண்டுதலைச் செலுத்தாமல் விட்டால் அது தியாவைத் தொடும் என்று அம்மா பயந்துபோய் இருந்தாள். தூக்கம் இல்லை என்று மாமா சொன்னார். நெஞ்சில் தையல் காயாத மனுஷி தூங்காமல் கிடந்தால் யாருடைய கொள்கை பெரிது? போவது என்று முடிவு பண்ணினேன். பொய் சொல்லாமல் பாட ஒரு வழி கண்டுபிடித்தால் போதும்.

அடுத்த கஷ்டம் லீவு. அம்மாவின் ஆபரேஷனுக்கு ஏற்கனவே எடுத்தாயிற்று. டிப்போவில் மேலதிகாரி காரணம் கேட்டார். என் அம்மா எனக்குப் பதிலாக ஒரு அம்மனோடு ஒப்பந்தம் போட்டுவிட்டாள், நான் போய்ப் பாடிக் கொடுக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர், அங்கே உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா, கொடுத்தால் அது வேறு விதி என்றார். இல்லை என்றேன். குடும்ப விஷயம் என்று எழுதிக்கொண்டார்.

5

ரிஸ்வான் இப்போது வாப்பாவின் கடையை நடத்துகிறான். திருவிழா அன்று காலையில் திகனயில் இருந்து வேனைக் கொண்டுவந்து, மஹியாவயில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டான். வத்தேகம, பன்வில வழியாக மேலே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் வேனைக் கிட்டத்தட்ட நிறுத்தி நிறுத்தித் திருப்பினான், அம்மாவின் நெஞ்சு குலுங்கக்கூடாது என்று. டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: நெஞ்செலும்பு கூடும் வரைக்கும் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, மேட்டில் நடக்கக்கூடாது, பாரம் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கோயிலடியில் நிழல் பார்த்து ஒரு கதிரை போட்டு, சால்வையைப் போர்த்தி உட்கார வைத்தோம்.

பால்குடம் வந்து, பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கனடாவில் இருந்து வந்திருக்கும் பாடகர் என்று பெரிதாக அறிமுகம். நான் அதே அடிக்குப் புதிதாக வரிகள் எழுதி வைத்திருந்தேன். போனை மைக்செட்டில் மாட்டி அடியைப் போட்டேன். கோயில் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர், லயத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. தப்பு அந்த மலை முழுக்க எழும்பியது. எனக்குப் புல்லரித்தது, சும்மா சொல்லக்கூடாது.

தாயே, நீ கேக்குறியா எனக்குத் தெரியாது.
எங்கம்மா பேசுறது எனக்குத் தெரியும்.
கொழுந்துக் கூடையோட அவ பேசினது,
கும்பிட்ட கையோட அவ பேசினது...

இதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தத் திருப்தியோடு அடுத்த வரிக்குப் போகும்போது பார்த்தேன், பொம்பளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் பிள்ளைகளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சமையல் நடக்கிற பக்கம் இருந்து மாமா அகப்பையும் கையுமாக ஓடி வந்தார். "பாபு, நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று அவர் சொல்வது தப்புச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. போனைப் பிடுங்கினேன். சத்தம் நின்றுவிட்டது.

அம்மா நிற்கவில்லை. கதிரையில் இருந்து எழுந்துவிட்டாள். சால்வை கீழே கிடந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது, இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தது.

மற்றவர்களுக்குச் சாமி வந்து நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கு வந்து பார்த்ததில்லை. அவள் ஆடினாள், குதித்தாள், நெஞ்சைத் திறந்து மூடிய மனுஷி. ஓடிப்போய்ப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்தேன். அவளுடைய இதயம் என் கைக்குள் அடித்த வேகத்துக்கு நான் கேட்ட எந்த அடியும் கிட்ட வராது. பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை, அத்தனை பலம். பூசாரி கற்பூரம் கொளுத்தினார், வேப்பிலையால் தடவினார், தண்ணீர் தெளித்தார். "தாயே மலையேறு, பச்ச ஒடம்பு" என்று கும்பிட்டார். அசையவில்லை.

"கூப்பிட்டவன் எங்க?" என்றது. அம்மாவின் வாய்தான், அம்மாவின் குரல் இல்லை.

மாமா என் காதுக்கிட்ட வந்து மூச்சு வாங்கச் சொன்னார். அது வெறும் அடி இல்லையாம், அவளை அழைக்கிற அடியாம். கற்பூரம் ஏற்றி, ஆளைத் தயார்பண்ணி, கடைசியில்தான் அடிப்பார்களாம். கூப்பிட்டவன் எதையாவது கேட்காமல் அவள் போகமாட்டாளாம். "நீதான்டா கூப்பிட்ட. நீதான் கேக்கணும்" என்றார்.

எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், நான் கேட்கிற ஆள் இல்லை என்று. டவுனில் வளர்ந்த எனக்கு இதற்கு டொக்டர்மார் சொல்கிற பேரும் தெரியும். அந்த நேரத்தில் அம்மாவை உட்கார வைக்க ஏதோ ஒரு வசனம் பேசினேன் என்று சொன்னால் நீங்களும் நம்புவீர்கள், எனக்கும் சௌகரியம். ஆனால் அப்படி நடக்கவில்லை. நான் நடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, அது என் அம்மா இல்லை என்று முழுசாக நினைத்து, கையைக் கூப்பித்தான் கேட்டேன்.

"தாயே, எங்கம்மாவுக்கு இது தாங்காது. அவள விட்டுட்டுப் போயிரு. கெஞ்சிக் கேக்குறேன்."

என்னை உற்றுப் பார்த்தது. பூசாரியின் தட்டில் இருந்து திருநீறை எடுத்து என் நெற்றியில் அழுத்திப் பூசியது. "சரி" என்றது. அவ்வளவுதான். அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டாள், கதிரையில் உட்கார வைத்தோம்.

கண்ணைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாட்டுப் படிச்சியா?"

படித்தேன் என்றேன்.

"எனக்குக் கேக்கவே இல்லயே. பரவால்ல, அவ கேட்டுருப்பா."

சாப்பிடும்போது மாமா அந்த முணுமுணுப்பைப் பற்றிக் கேட்டார், ஏன் அதை வெட்டினாய் என்று. ரெக்கோட் பண்ணிய அன்று, 'சும்மா அடிச்சிக் காட்டுறோம் தாயே, வந்துராத' என்று சொல்லிவிட்டுத்தான் தப்பைத் தொட்டாராம். அதுவும் கோயிலில் இருந்து தள்ளி மரக்கறித் தோட்டத்துக்குள் போய் நின்று. நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் இத்தனை வருஷமும் டொரொன்டோ மண்டபங்களில் எல்லாம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளுக்கும் விசா கிடைத்திருக்காது.

6

மறுநாளே அம்மாவை டொக்டரிடம் கொண்டுபோனோம். நாடியைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றும் விலகவில்லை என்றார். திருவிழாவுக்குப் போனதற்கு மட்டும் ஏசினார். மிச்சத்தை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

நான் கிளம்புகிற அன்று அம்மா வாசல்வரை வந்தாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து ரொம்பக் காலம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டுதல் முடிஞ்சிருச்சுப்பா. இனிமே நீ நம்பாட்டியும் பரவால்ல" என்றாள். மனசார எனக்கு விடுதலை கொடுத்தாள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு ரிஸ்வான்தான் கொண்டுபோனான். கடுகண்ணாவையில் ஒரு கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கினோம். திருவிழாவில் அவன் வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அதுவரைக்கும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டீயை ஊதிக்கொண்டே ஆரம்பித்தான்.

"நீ கேட்டாய். கெடச்சிச்சிதானே?"

"கெடச்சிச்சி."

"அப்ப ஒரு நன்றியச் சொல்லிட்டுப் ப்ளேன் ஏறு மச்சான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்ததே உனக்காகத்தான் என்றேன். விசா வந்த அன்று தொண்டையில் நின்ற பொங்கலில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். உன்னை விட்டுவிட்டு எனக்குக் கொடுத்தவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், அதனால்தானே கந்தோரையே பூட்டினேன், அந்தப் பாட்டே உன் பாட்டுதானே என்றேன்.

அவன் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். சிரிக்கவில்லை.

"விசா இல்லண்டு வந்த அண்டைக்கி நானும் உம்மாவும் என்ன சொன்னோம் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ் எண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். பொறகு ரெண்டு பேரும் நல்லா அழுதோம். ஆனா சொல்லிட்டுத்தான் அழுதோம்."

கிளாசை வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனான். நானும் போய் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மாவனெல்லை தாண்டும் வரைக்கும் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.